அண்ணன் நியூயார்க்கைக் கட்டினார், தம்பி மருத்துவத் தமிழைக் கட்டினார்: தெரியுமா?

சாரல் காலத்தில் தென்காசிக் கோயில் ராஜகோபுர வாசலில் நின்று பார்த்திருக்கிறீர்களா? மேற்கு மலையிலிருந்து இறங்கி வரும் காற்று ஆளையே தள்ளும். வேட்டியை இடுக்கிக்கொண்டுதான் வாசலைத் தாண்ட வேண்டும். பராக்கிரம பாண்டியன் 1446-ல் இந்தக் கோயில் வேலையைத் தொடங்கினானே, அன்றைக்கு உலகப் படத்தில் அமெரிக்கா என்று ஒரு நாடே கிடையாது, தெரியுமா? கொலம்பஸ் கப்பல் ஏறியதே 1492-ல். அவர் தேடிப் போனதும் நம்மைத்தான், வழி தவறி வேறு கரையில் இறங்கிவிட்டார். ‘அமெரிக்கா’ என்ற பெயர் ஒரு வரைபடத்தில் அச்சேறியது 1507-ல். அதற்கும் முந்நூறு வருஷம் கழித்து, அந்த அமெரிக்காவிலிருந்து சில இளைஞர்கள் கப்பலேறி, கொலம்பஸ் வந்து சேராத திசைக்கு வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள் தமிழ் படித்தார்கள், தமிழில் எழுதினார்கள், தமிழில் பாடம் சொன்னார்கள்!

அவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்லத்தான் இத்தனை பதற்றம். அவர் என் நினைவுக்கு வந்த இடம் ஒரு மருத்துவமனை. போன சீசனில் அத்தையை அழைத்துக்கொண்டு தென்காசியில் ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு “ஃபேட்டி லிவர், கிரேட் ஒன்” என்றார். வெளியே வந்ததும் அத்தை கையைப் பிடித்தாள்.

“டாக்டர் என்ன சொல்லுதாவ?”

“ஈரல்ல கொஞ்சம் கொழுப்பு சேந்திருக்காம் அத்தை.”

“அத அப்படியே சொல்ல வேண்டியதுதான? ஈரல்னா எனக்குத் தெரியாதா?”

இதே கேள்வியை நூற்றறுபது வருஷத்துக்கு முன்பே ஒரு டாக்டர் தன்னையே கேட்டுக்கொண்டார், தெரியுமா? அவர் தமிழர் இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்து வூஸ்டர் நகரத்துக்காரர். பெயர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். யாழ்ப்பாணத்தார் ‘கிறீன்’ என்று வல்லின ற போட்டு எழுதுவார்கள். அவர் வாழ்ந்ததும் பாடம் சொன்னதும் அங்கேதான் என்பதால் நாமும் அப்படியே எழுதுவோம்.

கிறீன் பிறந்தது 1822-ல். அதே 1822-ல் யாழ்ப்பாணத்து நல்லூரில் யார் பிறந்தார் தெரியுமா? ஆறுமுக நாவலர்! கிறீன் மானிப்பாயில் மருந்துச் சாலையும் மருத்துவ வகுப்புமாக ஊன்றிய 1848-லேயே நாவலர் வண்ணார்பண்ணையில் தம் சைவப் பள்ளியைத் திறந்தார். இருந்தது எதிரெதிர் அணியில். கிறீனை அனுப்பியது கிறிஸ்தவ மிஷன், அந்த மிஷன்களின் மதமாற்றத்தை எதிர்த்து நின்றவர் நாவலர். ஆனால் இருவருக்கும் ஒரே நம்பிக்கை: படிக்கவேண்டியதைத் தமிழில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டால் போதும், தமிழன் படித்துக்கொள்வான். ஒரே வருஷத்துப் பிள்ளைகள், ஒன்றிரண்டு மணி நேர நடைத் தூரத்தில், தமிழ் உரைநடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள். இதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இப்போது அண்ணன் கதை. கிறீனுக்கு இரண்டு வயது மூத்த அண்ணன் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் என்ற பெருந்தோட்டத்தைச் சினிமாவில் பார்த்திருப்பீர்களே, அது உருவாகிற காலத்தில் அதன் நிர்வாகத்தை முன்னின்று நடத்தியவர் அவர்தான். நியூயார்க்கின் பொது நூலகம், மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், பிராங்க்ஸ் விலங்குக் காட்சியகம் எல்லாவற்றின் பிறப்பிலும் அவர் கை உண்டு. மன்ஹாட்டன், புரூக்ளின், குவீன்ஸ், பிராங்க்ஸ், ஸ்டேட்டன் தீவு ஐந்தையும் சேர்த்து 1898-ல் ஒரே மாநகரமாக ஆக்கியது அவருடைய முப்பது வருஷப் பிடிவாதம். ‘மாநியூயார்க்கின் தந்தை’ என்று அவரைச் சொல்கிறார்கள். பாவம், 1903-ல் தம் வீட்டு வாசலிலேயே, வேறு யாரோ என்று நினைத்த ஒருவனின் துப்பாக்கிக்குப் பலியானார்.

அந்த அண்ணனுக்குத் தம்பிதான் நம் மானிப்பாய் டாக்டர்! ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒருவர் உலகத்தின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்றைத் தைத்துச் சேர்க்கிறார். இன்னொருவர் பனையும் பூவரசும் சூழ்ந்த ஒரு சிற்றூரில் உட்கார்ந்து எலும்புக்கும் நரம்புக்கும் தமிழ்ச் சொல் தேடுகிறார். எது பெரிய வேலை? என்னைக் கேட்டால் தயங்காமல் தம்பியின் வேலை என்பேன்.

சரி, அமெரிக்கர்கள் ஏன் யாழ்ப்பாணத்துக்குப் போனார்கள்? அவர்கள் கண் வைத்திருந்தது இந்தியா மேல்தான். ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மிஷனரிகள் என்றாலே ஆகாது, அதிலும் அமெரிக்கர் என்றால் கூடுதல் சந்தேகம். 1812-ல் பிரிட்டனும் அமெரிக்காவும் சண்டையே போட்டுக்கொண்டிருந்தன. இலங்கை கம்பெனியின் கையில் இல்லை, நேராக பிரிட்டிஷ் அரசின் கையில் இருந்தது. அங்கே ஆளுநர் பிரௌன்ரிக் வடக்கே இடம் கொடுத்தார். 1816-ல் தெல்லிப்பழையில் தொடங்கினார்கள். கம்பெனி மூடிய கதவு, பாக் நீரிணைக்கு அந்தப்பக்கம் ஒரு பெரும் கல்விக் கதையைத் திறந்துவிட்டது!

எங்கள் தென்காசிப் பக்கத்தில் பலருடைய தாத்தாக்கள் தூத்துக்குடியில் கப்பலேறி இலங்கைக்கு வியாபாரத்துக்குப் போய்வந்தவர்கள். அவர்கள் பார்த்த கொழும்பு வேறு. வடக்கே நடந்துகொண்டிருந்தது எங்கள் வீட்டுப் பேச்சில் வந்ததே இல்லை. அதனால்தானோ என்னவோ, வட்டுக்கோட்டைக் கதையை வளர்ந்தபிறகு படித்தபோது எனக்கு அத்தனை ஆச்சரியம்.

1823-ல் அந்த அமெரிக்கர்கள் தொடங்கியது வட்டுக்கோட்டை செமினரி. தமிழும் ஆங்கிலமும், கணிதமும் வானியலும் அங்கே ஒன்றாகக் கற்பித்தார்கள். எமர்சன் டென்னன்ட் என்ற பிரிட்டிஷ் உயர் அதிகாரி அங்கே மாணவர்களைச் சோதித்துப் பார்த்துவிட்டு, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க இடம் என்று எழுதிவைத்தார். அங்கே படித்த இருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள், தெரியுமா? சென்னையில் பிறந்தவர்கள் இல்லை, கும்பகோணத்துக்காரர்கள் இல்லை, யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள்! ஒருவர் கரோல் விசுவநாதபிள்ளை, இயற்கணிதத்துக்குத் தமிழில் நூல் எழுதியவர். இன்னொருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. ஆம், தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு 1868-லும் கலித்தொகையை 1887-லும் அச்சில் ஏற்றிய அதே தாமோதரம்பிள்ளை. பாஸ்டன் பக்கத்துச் சின்னச் சின்னத் தேவாலயங்களில் தட்டில் விழுந்த காசு, சுற்றிச் சுற்றி வந்து, சங்கத்தமிழ் ஏடு அச்சேறுகிற இடத்தில் வந்து நிற்கிறது. அந்தக் காசைப் போட்டவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

‘கரோல்’ என்பது எப்படி ஒரு தமிழர் பெயரானது? படிப்புச் செலவுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயரை மாணவர்களுக்குச் சூட்டுவது அங்கே வழக்கம். அதனால்தான் அந்தக் காலத்து யாழ்ப்பாணப் பட்டியல்களில் டான்ஃபர்த், கூல்டு, சாப்மன் என்று அச்சு அசல் அமெரிக்கப் பெயர்களோடு பச்சைத் தமிழர்கள் நிற்கிறார்கள். எனக்கு இதில் ஒரு வருத்தமும் உண்டு. பிள்ளைக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரை மாற்றுவது சின்னக் காரியம் இல்லை.

பெண்கள் பக்கம் பார்த்தால் இன்னும் வியப்பு. உடுவிலில் 1824-ல் பெண்பிள்ளைகளுக்கு விடுதியோடு பள்ளி தொடங்கியவர் ஹாரியட் வின்ஸ்லோ. ஆசியாவிலேயே முதன்முதல் தோன்றிய பெண்கள் விடுதிப் பள்ளிகளில் அது ஒன்று. பிறகு எலைசா அக்னியூ என்ற நியூயார்க் பெண்மணி 1840-ல் வந்து அங்கே ஆசிரியையாக நின்றார். சுமார் நாற்பது வருஷம்! தாய்க்குப் பாடம் சொல்லி, மகளுக்குச் சொல்லி, பேத்திக்கும் சொன்னார். ஒருமுறைகூட ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. ‘ஆயிரம் மகள்களின் தாய்’ என்றே அவருக்குப் பெயர். 1883-ல் யாழ்ப்பாண மண்ணிலேயே கண்ணை மூடினார்.

ஹாரியட்டின் கணவர் மிரன் வின்ஸ்லோவை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 1862-ல் சென்னையில் வெளிவந்த தமிழ்-ஆங்கிலப் பேரகராதி அவருடையது. 67,000-க்கும் மேற்பட்ட சொற்கள். அவருக்கு முன்பே மற்றவர்கள் சேர்த்துவைத்த சொற்கட்டை வாங்கி, விசாகப்பெருமாளையர், இராமாநுச கவிராயர் போன்ற தமிழ்ப் புலவர்களின் துணையோடு வருஷக்கணக்கில் உழைத்து முடித்தார். முடித்த இரண்டாம் வருஷம், ஊருக்குத் திரும்பும் வழியில் நன்னம்பிக்கை முனையில் இறந்தார். சொல் சேர்த்தே தீர்ந்த ஆயுள்.

இந்தத் தம்பதியின் கொள்ளுப்பேரன் யார் தெரியுமா? ஜான் ஃபாஸ்டர் டல்லஸ்! ஐசனாவர் ஆட்சியில் அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சர். வாஷிங்டனில் இறங்குகிற நம் பிள்ளைகள் ‘டல்லஸ் ஏர்போர்ட்’ என்கிறார்களே, அந்த டல்லஸ். அவருடைய தம்பி ஆலன் டல்லஸ், சி.ஐ.ஏ.வின் தலைவர். இருவருடைய அப்பாவைப் பெற்ற அம்மா, உடுவிலில் பள்ளி நடத்திய ஹாரியட்டின் மகள், அம்மாவின் பெயரையே கொண்டவள். உடுவிலில் பாவாடை கட்டிய பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொன்ன வீட்டிலிருந்து ஒரு கொடி ஓடிப்போய் வெள்ளை மாளிகைக்குப் பக்கத்தில் பூத்திருக்கிறது!

கிறீனுக்குத் திரும்புவோம். அவர் 1847-ல் வந்து சேர்ந்தபோது வயது இருபத்தைந்து. அதற்கு முந்தின வருஷம், 1846 அக்டோபரில்தான் பாஸ்டனில் நோயாளிக்கு ஈதர் கொடுத்து மயக்கி, வலியில்லாமல் அறுவை செய்யலாம் என்று ஊர் அறியக் காட்டினார்கள். அதாவது மயக்க மருந்துக்கு ஒரு வயது நிறைவதற்குள் இந்த டாக்டர் கப்பலேறிவிட்டார். கிருமி என்ற ஒன்றுதான் நோய்க்குக் காரணம் என்று அப்போது மருத்துவ உலகம் ஏற்கவில்லை. காலரா வந்தால் ஊர் ஊராகப் போகும். வட்டுக்கோட்டை செமினரியை வளர்த்தெடுத்த டேனியல் புவர் 1855-ல் மானிப்பாயில் காலராவுக்குத்தான் பலியானார்.

ஒரே ஒரு டாக்டர் எத்தனை பேரைப் பார்ப்பார்? கிறீன் கண்ட வழி, டாக்டர்களை அங்கேயே உண்டாக்குவது. அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களை மருத்துவர்களாக்கினார். ஆரம்பத்தில் ஆங்கிலத்தில்தான் வகுப்பு. பத்து வருஷம் இருந்துவிட்டு ஊருக்குப் போய், 1862-ல் மனைவியோடு திரும்பி வந்தார் பாருங்கள், அப்போதுதான் அந்தப் பெரிய முடிவு: இனிமேல் மருத்துவப் படிப்பு தமிழில்! ஆங்கிலத்தில் படித்தவர்களுக்கு அரசாங்க உத்தியோகத்தில் கண் போய்விடுகிறது, தமிழில் படித்தவன் ஊரில் நிற்பான் என்பது அவர் கணக்கு. மாணவர்கள் கோட்டு, காலுறை என்று ஐரோப்பிய வேஷம் கட்டுவதும் அவருக்குப் பிடிக்காது. தமிழ் உடையோடு, தமிழ் வழக்கத்தோடு இருங்கள் என்பார்.

தமிழில் படிப்பு என்றால் நூல் வேண்டுமே! இருக்கிறதா? அவர் முன்பே தொடங்கிவைத்த ஒன்றிரண்டைத் தவிர இல்லை. அவரே உட்கார்ந்தார், மாணவர்களையும் உட்காரவைத்தார். அந்த முடிவுக்கு முன்பே, 1850-களில், முதலில் வந்த நூலின் தலைப்பைக் கேளுங்கள்: ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’. மூச்சு முட்டுகிறதா? அங்காதிபாதம் என்றால் உடற்கூறு. சுகரணம் என்றால் உடலின் இயக்கம். உற்பாலனம் என்றால் உடலைப் பேணுதல். வடமொழி கொஞ்சம் தூக்கல்தான், அன்றைய எழுத்துத் தமிழ் அப்படி. ஆனால் அடுத்தடுத்த தலைப்புகளைப் பாருங்கள், நடை இறங்கி வருகிறது. ‘பிரசவ வைத்தியம்’, ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’, ‘மனுஷ சுகரணம்’. எங்கள் பக்கத்தில் காலில் கல் குத்திப் புண்ணானால் இன்றைக்கும் “ரணமாயிட்டு” என்றுதான் சொல்வார்கள். ஆக, அறுவை மருத்துவத்துக்கு ‘இரண வைத்தியம்’ என்று பேர் வைத்த அமெரிக்கர், ஜனங்கள் வாயைப் பார்த்து எழுதியிருக்கிறார்!

அந்த ‘இரண வைத்தியம்’ வந்த வருஷம் 1867. அதே வருஷத்தில்தான் கிளாஸ்கோவில் இருந்த ஜோசப் லிஸ்டர், புண்ணைக் கார்பாலிக் அமிலத்தால் துடைத்தால் சீழ் பிடிக்காது என்ற தம் கண்டுபிடிப்பை ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார். உலக அறுவை மருத்துவமே தலைகீழாக மாறிய வருஷம். அந்த வருஷத்தில் தமிழில் ஓர் அறுவை மருத்துவப் பாடநூல் இருந்தது! இன்னொன்று: கிரே என்பவரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல், இன்றும் மருத்துவ மாணவர்கள் பேர் சொல்கிற நூல், லண்டனில் முதலில் வந்தது 1858-ல். அதை அடியாகக் கொண்ட ‘மனுஷ அங்காதிபாதம்’ தமிழில் 1872-ல் தயார். இடைவெளி பதினான்கே வருஷம்.

இனி எனக்கு மிகப் பிடித்த சொல். 1875-ல் ஒரு நூல் வந்தது. பெயர் ‘கெமிஸ்தம்’! கெமிஸ்ட்ரியைப் பிடித்துத் தமிழ் வாலை ஒட்டிவிட்டார்கள். கீதம், வேதம் மாதிரி கெமிஸ்தம். நாக்கில் எத்தனை சுகமாக உருள்கிறது, சொல்லிப் பாருங்கள். கிறீன் தம் வேலைக்கு ஒரு வரிசை வைத்திருந்தார். ஒரு பொருளுக்குத் தமிழில் சொல் இருக்கிறதா, அதை எடு. இல்லையா, வடமொழியில் தேடு. அங்கும் இல்லையா, ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுது, வெட்கப்படாதே. கலைச்சொல் ஆக்குவது பற்றி நாம் இன்னும் மேடை போட்டு வாதாடிக்கொண்டிருக்கிறோம். அவர் வரிசையைப் போட்டார், வேலையை முடித்தார். அவர் மொழிபெயர்த்தும் மாணவர்களைக்கொண்டு மொழிபெயர்ப்பித்தும் திருத்தியும் அச்சுக்குக் கொடுத்தது நாலாயிரம் பக்கத்துக்கும் மேலே! கணினி இல்லை, மின்விளக்கு இல்லை, ஏற்கெனவே வந்த கலைச்சொல் அகராதி இல்லை. பகலில் நோயாளிகள் வேறு.

அந்த நூல்களில் ஒன்று நம் குற்றால மலைக்கு மிக அருகில் வருகிறது, தெரியுமா? ‘இந்து பதார்த்த சாரம்’. இந்தியாவின் மருந்துப் பொருள்களைப் பற்றி எட்வர்ட் ஜான் வேரிங் 1868-ல் தொகுத்த ஆங்கில நூலின் தமிழ் வடிவம் அது. இந்த வேரிங் எங்கே டாக்டராக இருந்தார்? திருவிதாங்கூர் சமஸ்தானத்தில்! அந்தச் சமஸ்தானத்தின் எல்லை அன்று எதுவரை? எங்கள் செங்கோட்டை வரை. தென்காசியிலிருந்து கூப்பிடு தூரம். 1956 நவம்பர் 1-ல்தான் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது. குற்றாலத்தில் குளித்துவிட்டுத் தலை துவட்டியபடியே கடைத்தெருவில் நடந்தால் சாக்குச் சாக்காக மூலிகை இருக்கும். கடுக்காய், திப்பிலி, நன்னாரி வேர், ஆடாதோடை இலை, சிறுகுறிஞ்சான் பொடி. ஒவ்வொன்றின் மேலும் அட்டையில் கையால் எழுதிய தமிழ்ப் பெயர், பக்கத்திலேயே எந்த நோய்க்கு என்ற குறிப்பு. கடைக்கார அண்ணாச்சி எதற்கும் ஆங்கிலம் தேடுவதில்லை. மலைக்கு அந்தப்பக்கம் வேலை பார்த்த ஓர் ஆங்கிலேயர் தொகுத்ததை, கடலுக்கு அந்தப்பக்கம் இருந்து ஓர் அமெரிக்கர் தமிழாக்க, நடுவில் இந்த அண்ணாச்சியின் கடை. போன வாரம் அந்தக் கடை முன்னால் சும்மாவே பத்து நிமிஷம் நின்றேன்.

இந்தக் கதையில் குற்றாலத்துக்கு இன்னொரு உரிமையும் உண்டு. ரசிகமணி டி.கே.சி. இங்கேதான் கடைசிவரை, 1954 வரை வாழ்ந்தார். கம்பனையும் குற்றாலக் குறவஞ்சியையும் சொல்லிச் சொல்லியே சுவைக்கவைத்தவர். பிள்ளைகளுக்குப் படிப்பைத் தமிழில் கொடுங்கள் என்று ஓயாமல் சொன்னவர். அவர் வீட்டுத் தோசையும் தமிழும் கேட்டுப் பெரிய பெரியவர்களெல்லாம் வந்தார்கள். ராஜாஜி வந்தார், கல்கி வந்தார். அந்த ராஜாஜி எழுதிய ஒரு சின்ன நூலின் பெயர் ‘திண்ணை ரசாயனம்’, தெரியுமா? கெமிஸ்ட்ரியைத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி தமிழில் சொன்ன நூல்! 1916-லேயே சேலத்தில் அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்று ஒரு சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். மானிப்பாயில் ‘கெமிஸ்தம்’, இங்கே ‘திண்ணை ரசாயனம்’. ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் குற்றாலத்தில் டி.கே.சி. வீட்டுத் தாழ்வாரத்தில், சாரல் தூறிக்கொண்டிருக்கும் ஒரு சாயங்காலம், கிறீனும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் பேச்சு எப்படிப் போயிருக்கும் என்று நான் அடிக்கடி கற்பனை செய்வேன்.

அமெரிக்கக் கை தமிழ் அகராதியை விடவே இல்லை என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இருக்கிறதே, 1,04,000-க்கும் மேற்பட்ட சொற்களோடு 1939-ல் முழுமையடைந்தது, அதன் முதல் பதிப்பாசிரியர் யார் தெரியுமா? மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த ஜே. எஸ். சாண்ட்லர். 1913-ல் வேலையைத் தொடங்கினார். 1926-ல் அதைக் கையில் எடுத்து முடித்துவைத்தவர் எஸ். வையாபுரிப்பிள்ளை, எங்கள் திருநெல்வேலிச் சீமைக்காரர்! அந்தக் கை மருத்துவத்தையும் விடவில்லை: 1819-ல் வின்ஸ்லோவோடு ஒரே கப்பலில் யாழ்ப்பாணத்துக்குக் கிளம்பிய டாக்டர் ஜான் ஸ்கடரின் பேத்திதான் வேலூர் மருத்துவமனையை எழுப்பிய ஐடா ஸ்கடர். இப்படி இழுத்தால் நூல் வந்துகொண்டே இருக்கும்.

கிறீன் 1873-ல் வூஸ்டருக்குத் திரும்பினார். திரும்பியவர் ஓய்ந்தாரா? பனி கொட்டுகிற ஊரில் உட்கார்ந்து, மானிப்பாய்க்கும் வூஸ்டருக்கும் இடையே தாள்கள் கப்பலில் போய்வர, தமிழ் நூல்களைத் திருத்திக்கொண்டே இருந்தார். ‘மனுஷ சுகரணம்’ 1883-ல் வந்தது, அவர் தமிழ் மண்ணை விட்டுப் பத்து வருஷம் கழித்து! அடுத்த வருஷத் தொடக்கத்தில் ராபர்ட் காக் கல்கத்தாவில், காலராவுக்குக் காரணமான கிருமி இதுதான் என்று உறுதிசெய்தார். கிறீன் வாழ்நாளெல்லாம் போராடிய எதிரியின் முகம் உலகத்துக்குத் தெரிந்த சில மாதங்களில், 1884 மே மாதம், கிறீன் இறந்தார். கல்லறையில் என்ன எழுதவேண்டும் என்று முன்பே சொல்லிவைத்திருந்தார். பட்டங்கள் வேண்டாம், தமிழர்களுக்காக ஊழியம் செய்த மருத்துவன் என்ற பொருளில் ஒரு சிறு வரி போதும் என்றார். இன்றும் வூஸ்டரில் அந்தக் கல் நிற்கிறது. அமெரிக்காவின் ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தில் நம் பெயர் செதுக்கியிருக்கிறது! மானிப்பாயில் அவர் பெயரில் மருத்துவமனை இருக்கிறது. கிறீன் குடும்பத்துப் பண்ணை வூஸ்டரில் பொதுப் பூங்காவாகிவிட்டது.

தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். பாடம் இன்றைக்கும் ஆங்கிலத்தில்தான். பொறியியலில் சிவிலும் மெக்கானிக்கலும் 2010-ல் தமிழ்வழியில் தொடங்கின. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு தீவின் ஓரத்தில் முடிந்தது நமக்கு ஏன் முடியவில்லை என்று எனக்குக் கோபமே வருகிறது. தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையில் உட்கார்ந்து எங்கள் பிள்ளைகள் உலகத்துக்கே மென்பொருள் எழுதுகிறார்கள். ஈரலைத் தமிழில் சொல்லவா ஆள் இல்லை?

இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். ஐந்தருவிக்குப் போகும் வழியில், ஆட்டோவில், மழைச்சாரல் முகத்தில் அடிக்க, நூல் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிரசவ வைத்தியம் என்றதும் தலையாட்டினாள். இரண வைத்தியம் என்றதும் தலையாட்டினாள். கெமிஸ்தம் என்றேன். கொஞ்சம் யோசித்தாள்.

“மருந்தக் கலக்குத படிப்பா?”

“ஆமா அத்தை, கிட்டத்தட்ட அதுதான்.”

“பேரக் கேட்டாலே தெரியுதே” என்றாள், துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டே.